மோட்டார் ஓடுகிறது

தீனதயாளன் சோற்றைப் பிசைந்து முதல் வாய் எடுத்துவைக்கப் போன நேரத்தில் வயல் பக்கமிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. களமருதூரில் பகல் நேரத்தில் பத்து மோட்டார் ஓடும், யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. ஆனால் இவருடைய மோட்டார் கிளம்பும்போது இரண்டு முறை இருமிவிட்டுத்தான் ஓடும். அந்த இருமலை அவர் தூக்கத்தில்கூடக் கண்டுபிடித்துவிடுவார்.

"நம்ம மோட்டாரு ஓடுது" என்றார்.

"ஓடினா ஓடட்டும், சாப்புடுங்க" என்றாள் மனைவி கமலா.

"யாரு போட்டதுன்னு கேக்கறன்."

"எனக்கின்னா தெரியும்? ஒங்களுக்குக் கொழம்பு ஊத்திக்கினு நிக்கறன்."

கையைக் கழுவினாரோ இல்லையோ, நடையும் ஓட்டமுமாகப் போனார். மோட்டார் செட்டில் ஆள் இல்லை. பூட்டு போட்டது போட்டபடி தொங்கியது. தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் யாரையும் கேட்காமல் அவருடைய நெல் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. செல்போனை எடுத்து மோட்டாருக்கு அடித்தார், நின்றது. ஆனால் எப்படி ஓட ஆரம்பித்தது என்பதுதான் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

வேறு சமயமாக இருந்தால் வயலுக்குத் தண்ணீர் நல்லதுதான் என்று விட்டிருப்பார், இதற்கெல்லாம் சோற்றை விட்டு எழுந்திருக்க மாட்டார். இப்போது நெல் அறுப்புக்கு நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னதுரை அறுப்பு மெஷினோடு வருகிறான். அது டயர் வண்டி. தரை காய்ந்திருந்தால் இறங்கி அறுக்கும், சேறாக இருந்தால் வரப்போடு திரும்பிப் போய்விடும். போனால் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அது மறுபடி வர அரை மாதமாவது ஆகும். அதுவரை பழுத்த கதிர் தாங்காது, பாதி உதிரும், மீதி ஈரத்தில் சாய்ந்து முளைத்துப்போகும். கையால் அறுக்க ஆள் தேடினால் ஊரே சிரிக்கும், அவ்வளவு ஆள் பஞ்சம். வீட்டுக்கு வருடம் முழுக்கச் சோறு அந்த ஒரே வயலில்தான் இருக்கிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் தரை காய்ந்தாக வேண்டும், காயவேண்டுமானால் மோட்டார் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருக்க மாட்டேன் என்றது அது.

மோட்டார் அவருக்கு மட்டும் சொந்தமில்லை, தம்பி அய்யப்பனுக்கும் பங்கு. அய்யப்பனுடைய கரும்புத் தோட்டம் மேட்டில். அவன் தன் முறைக்கு ஓஸ் போட்டுத் தண்ணீர் கொண்டுபோவான், முறை முடிந்ததும் ஓஸைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். ஓஸ் இல்லாமல் மோட்டார் ஓடினால் தொட்டித் தண்ணீர் பள்ளத்தில் இருக்கும் அண்ணன் வயலுக்குத்தான் வரும். வரப்போரத் தென்னை மரம் ஒன்று யாருடையது என்று ஆரம்பித்த பேச்சில் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தையே நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவர் சொல்ல வேண்டியதைக் கமலாவிடம் சொல்வார், கமலா போய் அய்யப்பனிடம் சொல்வாள், அவன் பதிலைச் சுமந்துகொண்டு திரும்பி வருவாள். அந்த இரண்டு வீட்டுக்கும் டவர் அவள்தான்.

த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று அந்தக் கரண்டுக்கே தெரியாத ஊர். அதனால் கார்த்திகையில் தியாகதுருகத்திலிருந்து மெக்கானிக் ஜீவாவை வரவழைத்து, போனிலேயே ஓட்டுகிற பெட்டி ஒன்றை மோட்டாரில் மாட்டினார்கள். பெட்டிக்குள் ஒரு சிம், அதற்கென்று ஒரு நம்பர். அந்த நம்பருக்கு அடித்தால் ஒரு ரிங் போய்க் கட்டாகும், மோட்டார் ஓடும். மறுபடி அடித்தால் நிற்கும். அடித்தவர் போனுக்கு 'மோட்டார் ஓடுகிறது' என்றோ 'மோட்டார் நின்றது' என்றோ ஒரு மெசேஜ் வரும்.

மாட்டி முடித்துவிட்டு ஜீவா ஒரு கேள்வி கேட்டான். "மொதல் நம்பரு யாருதுங்க போடறது? மொதல் நம்பருக்காரரு சொன்னாத்தான் மத்த நம்பர பெட்டி ஏத்துக்கும்."

"மூத்தவன் நான்தான்னு சொல்லு" என்றார் தீனதயாளன், கமலாவைப் பார்த்து.

"ரெண்டாவது நம்பரா இருக்கறதுக்கு நான் எதுக்கு பாதி காசு போட்டன்னு கேளுங்க அண்ணி" என்றான் அய்யப்பன், அவனும் கமலாவைப் பார்த்து.

கமலா இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். ஜீவாவுக்குப் பசி. கடைசியில் அவன் யார் நம்பரையும் போடாமல் பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டான். "யாரு அடிச்சாலும் ஓடும். ஒங்க ரெண்டு பேர தவுத்து இந்த நம்பரு வேற யாருக்குத் தெரியப் போவுது?" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

ஆகவே மோட்டார் தானாக ஓடியதும் தீனதயாளனுக்கு முதலில் தோன்றியது தம்பி முகம்தான். தன் அறுப்பைக் கெடுக்க வீட்டில் உட்கார்ந்தபடி அடிக்கிறான். மறுநாளும் ஒருமுறை ஓடியது. அவர் போய் ஃபியூஸைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டார். அய்யப்பன் தன் முறைக்கு அடித்துப் பார்த்தான், பெட்டி எடுக்கவில்லை. வந்து பார்த்தவன் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, அண்ணியிடம் சாவி வாங்கித் திறந்து வேறு ஃபியூஸ் மாட்டி, செட்டுக் கதவில் அண்ணனுடைய பூட்டுக்குக் கீழே தன் பூட்டு ஒன்றையும் போட்டுவிட்டுப் போனான். அதோடு அண்ணன் சாவி இருந்தால் தம்பி பூட்டு தடுக்கும், தம்பி சாவி இருந்தால் அண்ணன் பூட்டு தடுக்கும் என்றாகிவிட்டது. பெட்டியை யாரும் கையால் தொட முடியாது, போனில்தான் தொடலாம்.

புதன்கிழமை காலையில் அவரே போய் வரப்பில் உட்கார்ந்து காவல் காத்தார். அய்யப்பன் அந்தப் பக்கமாக வந்தான். கமலாவும் தற்செயலாகத் தூக்குவாளியோடு வந்து சேர்ந்தாள், மாட்டிக்கொண்டாள்.

"நெல்ல நாசம் பண்ணித்தான் தென்ன மரத்துக்குப் பழி வாங்கணுமான்னு கேளு."

"நான் எதுக்கு அடிக்கறன்? ஆவாத தண்ணிக்குக் கரண்ட்ட செலவு பண்ண எனக்கின்னா பைத்தியமான்னு கேளுங்க அண்ணி."

"அவன் போன எங்கன்னு கேளு."

"வூட்ல சார்ஜுல கெடக்குது. மொதல்ல அவரு போன எடுத்துக் காட்டச் சொல்லுங்க."

தீனதயாளன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார். அது அணைந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து, இரண்டு பூட்டு தொங்கும் கதவுக்கு உள்ளே மோட்டார் இரண்டு முறை இருமியது. பிறகு ஓட ஆரம்பித்தது.

மூன்று பேரும் பேயறைந்தது போல நின்றார்கள். அய்யப்பன் முகம் வெளுத்துவிட்டது. கமலா நடுவில் நிற்பதையே மறந்து, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நேராக அண்ணனைப் பார்த்துப் பேசினான்.

"ண்ணா. நான் போடல."

"தெரியுது" என்றார் தீனதயாளன். தம்பி செய்கிறான் என்று நினைத்தவரைக்கும் கோபமாவது இருந்தது, இப்போது அதையும் யார்மேல் வைப்பதென்று தெரியவில்லை.

மோட்டார் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, யாரும் தொடாமலே தானாக நின்றது. ஜீவா மத்தியானம் வந்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு சாவி போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். அவன் பெட்டியைப் பார்த்துவிட்டு, பெட்டி நல்லாத்தான் இருக்கிறது, யாரோ அடிக்கிறார்கள் என்றான்.

"யாரு அடிக்கறது? நாங்க ரெண்டு பேரும் இங்கதான நின்னுக்கினு இருந்தம்."

"கிட்ட நிக்கணும்னு இன்னாங்க இருக்குது? நீங்க இங்க வரப்புல நின்னு அடிச்சாலும் ஒங்க போனு நேரா பெட்டிகிட்ட பேசாது. டவருக்குப் போவும், அங்க இருந்து கம்பெனி மெஷினுக்குப் போவும், எங்கெங்கியோ சுத்திட்டு இந்தப் பெட்டிக்கு வரும். டில்லியில இருந்து அடிச்சாலும் அதே கததான். அதுங்களுக்கு ஆளத் தெரியாது, நம்பருதான் தெரியும்."

கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற பெட்டியோடு பேச ஊரெல்லாம் சுற்றுவானேன் என்று தீனதயாளனுக்கு விளங்கவில்லை. அய்யப்பனுக்கும் விளங்கவில்லை. கமலாவுக்கு மட்டும் அதில் ஆச்சரியப்பட ஒன்றும் தெரியவில்லை.

ஜீவா இன்னொன்றும் சொன்னான். இந்த நம்பர் முன்னால் வேறு யாரிடமாவது இருந்திருக்கும். ரீசார்ஜ் செய்யாமல் ரொம்ப நாள் விட்டால் கம்பெனிக்காரன் அந்த நம்பரை எடுத்துப் புது சிம்மில் போட்டு இன்னொருவருக்கு விற்றுவிடுவான். பழைய ஆளைத் தேடி யாரோ அடிக்கிறார்கள், இங்கே தண்ணீர் பாய்கிறது. பெட்டிக்குக் கடைசியாக அடித்த ஒரு நம்பர் மட்டும்தான் நினைவிருக்கும், இன்னொருவர் அடித்தாலோ கரண்டை நிறுத்தினாலோ அதையும் மறந்துவிடும். இப்படி ஒரு மெசேஜ் அனுப்பினால் அந்த நம்பரைச் சொல்லும் என்று அனுப்பிக் காட்டினான். யாருக்கும் தெரியாத நம்பர் ஒன்று வந்தது.

"மொதல் நம்பரு யாருதுன்னு சொல்லுங்க, இப்பவே போட்டு மூடிட்டுப் போறன். அப்புறம் வெளியாள் யாரும் ஓட்ட முடியாது" என்றான் ஜீவா.

அண்ணன் தொட்டியைப் பார்த்தார். தம்பி கரும்பைப் பார்த்தான். கமலா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ஜீவா கொஞ்ச நேரம் காத்திருந்தான், பிறகு முடிவு பண்ணிவிட்டுக் கூப்பிடச் சொல்லிக் கிளம்பிவிட்டான்.

அந்த நம்பருக்குத் தீனதயாளன் வியாழக்கிழமை முழுக்க, ஒவ்வொரு தடவையும் எண் எண்ணாகத் தட்டி அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் அலுக்காமல் சொல்லியது. வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் ரிங் போனது. அந்தப் பக்கம் மலை உச்சியில் நிற்பது போலக் காற்றுச் சத்தம்.

"யாரு நீ? எங்க மோட்டாருக்கு எதுக்கு அடிச்சிக்கினே இருக்கற?"

காற்றுக்கு நடுவே ஓர் இளம் பெண்ணின் குரல். "நீங்கதான் மொதலாளிங்களா?"

"இன்னா மொதலாளி? நான் தீனதயாளன்."

"எங்க வூட்டுக்காரர எங்க வெச்சிருக்கீங்க?"

அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. "ஒன் வூட்டுக்காரர நான் எதுக்கும்மா வெச்சிருக்கப் போறன்?"

"பொய் சொல்லாதீங்க. அவரு நம்பருல இருந்து எனக்கு மெசேஜு வந்துக்கினுதான் இருக்குது. மோட்டார் வேலையில வெச்சிருக்கீங்க. தண்ணி கூட ஒயுங்கா குடுக்கல. எனக்கு எல்லாம் தெரியும். எந்த ஊருன்னு மட்டும் சொல்லுங்க."

"களமருதூரு. எலவனாசூர்கோட்டையில எறங்கிக் கேளு. வந்து உள்ள பூந்து தேடிப் பாரு, ஒன் புருசன் இருந்தா கூட்டிக்கினு போ" என்று கத்திவிட்டுக் கட் செய்தார்.

"யாருங்க அது?" என்று கேட்டாள் கமலா.

"தெரியல. அவ புருசன நான் மோட்டார் ஓட்ட வெச்சிருக்கறனாம்."

கமலா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அன்று இரவு அவருக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. யாரோ ஒருத்தனைப் பிடித்து அடைத்துவைத்திருப்பதாக ஒருத்தி நினைக்கிறாள், அதை நினைக்க நினைக்க, எதையோ மறந்துவிட்டோமோ என்று அவருக்கே சந்தேகமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. நல்ல காலமாகச் சனிக்கிழமை மோட்டார் ஓடவில்லை, வெயிலும் ஏமாற்றவில்லை. சின்னதுரை மெஷினைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்து, குதிகாலால் தரையை அங்கங்கே மிதித்துப் பார்த்தான்.

"தாங்கும்ணா. இதுக்குமேல ஒரு சொட்டு பாஞ்சாலும் தாங்காது. டீ குடிச்சிட்டு எறக்கறன்."

தீனதயாளனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கமலா டீயோடு வந்தாள், அய்யப்பனும் வேடிக்கை பார்க்க வந்து தள்ளி நின்றான். டீயைக் கையில் வாங்கும்போது வரப்பில் அந்தப் பெண் வருவதைப் பார்த்தார். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், தோளில் ஒரு துணிப்பை. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு மேலே ஓர் ஊர் என்றாள், பெயர் மலர்விழி என்றாள். நேற்றே மலையிறங்கி, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடியே விடிய வைத்து, முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். குரல் நடுங்கினாலும் பார்வை நடுங்கவில்லை.

"எங்க அவரு?"

தீனதயாளன் சாவியை எடுத்தார், அய்யப்பனும் எடுத்தான். கதவைத் திறந்துவிட்டார்கள். அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். மோட்டார், பெட்டி, ஒரு பழைய சாக்கு. செட்டைச் சுற்றிவந்தும் பார்த்தாள்.

"இதுதாம்மா ஒன் வூட்டுக்காரரு" என்றார் தீனதயாளன். "நம்பிக்க இல்லன்னா அடிச்சிப் பாரு."

அடிக்கச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. அவள் அடித்துவிட்டாள். மோட்டார் இருமியது, ஓடியது. அவள் கையிலிருந்த போன் சிணுங்கி, 'மோட்டார் ஓடுகிறது. மின்சாரம் சரியாக உள்ளது' என்று காட்டியது. மேலே பெயர், 'அவரு' என்று. தொட்டி வழிவதற்குள் தீனதயாளன் தன் போனில் அடித்து நிறுத்தினார். சின்னதுரை டீ கிளாஸோடு எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா விளையாட்டு?" என்றான்.

மலர்விழி பழைய மெசேஜை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். சித்திரையில் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவன் வேடியப்பன். எங்கே என்று சொல்லவில்லை. போன் அணைந்தே கிடந்தது. மார்கழியில் ஒருநாள் சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி அடித்தபோது ரிங் போனது, மெசேஜும் வந்தது.

"கோவம்னா அவரு இப்பிடித்தான் மொட்டையாப் பேசுவாரு" என்றாள். "மோட்டார் ஓடுது, மோட்டார் நின்னுச்சின்னு. வேல செய்யறாரு, அதுவரைக்கும் சந்தோசம்னு இருந்தன். அப்பறம் ஒருநாளு 'தண்ணீர் இல்லை, நின்றுவிட்டது'ன்னு வந்துச்சி. அன்னிக்கித்தான் எனக்குப் பயம் வந்துருச்சி."

கிணறு வற்றிய அன்று பெட்டி அனுப்பியது அது. யாரும் அதை அவளிடம் சொல்லவில்லை, அவளுக்கே புரிந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"அப்ப இத்தினி நாளு யாருகிட்ட பேசிக்கினு இருந்தன்?"

திட்டுவதற்கென்று தீனதயாளன் இரண்டு நாளாகச் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட உதவவில்லை. கமலா தன் டீயை அவள் கையில் கொடுத்தாள். அவள் வாங்கினாள், குடிக்கவில்லை.

"நான் அடிக்கற அன்னிக்கெல்லாம் ஒங்க கயனியில தண்ணி பாஞ்சிதா?"

"ஆமாம்மா."

"இனிமே அடிக்க மாட்டங்க" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துப் பையில் போட்டாள்.

சின்னதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்தான். அவன் சாவியைத் திருகுவதற்குள், செட்டுக்குள் மோட்டார் இருமியது. ஒருமுறை, இரண்டுமுறை. ஓடியது.

எல்லாரும் மலர்விழியைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொன்றில் ஒன்றுமில்லை. "நான் இல்லீங்க."

தீனதயாளன் போனை எடுத்துவிட்டார். நிறுத்த ஒரு அடி போதும், கட்டைவிரல் பெட்டியின் நம்பர்மேல் இருந்தது. அய்யப்பன் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ண்ணா, அடிக்காத. நீ அடிச்சா அதுல ஒன் நம்பருதான் நிக்கும். யாரு அடிச்சாங்கன்றது போயிரும்."

"நெல்லு போவுதுடா."

"தெரியுதுண்ணா."

தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. "நிறுத்துண்ணா, நிறுத்து" என்று வண்டிமேலிருந்து சின்னதுரை கையை ஆட்டினான். தீனதயாளன் வயலைப் பார்த்தார். குதிகால் தாங்கும் தரை, இதற்குமேல் ஒரு சொட்டும் தாங்காத தரை. ஃபியூஸைப் பிடுங்கலாம், அப்போதும் பெட்டி மறந்துபோகும். வேடியப்பனைத் தேடி இன்னும் யாரோ அடிக்கிறார்கள், அது யார் என்று அந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் இந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான். மலர்விழிக்கு இது எதுவும் புரியவில்லை. இவர்கள் எதற்காக ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒன்றும் சொல்லாமல் மோட்டாரை நிறுத்தியிருக்கலாம். அவள் அடுத்த பஸ்ஸில் மலையேறியிருப்பாள், அறுப்பும் முடிந்திருக்கும். ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் நம்பரிலிருந்து விரலை எடுத்துவிட்டு, ஜீவா காட்டிக்கொடுத்த மெசேஜைத் தட்டி அனுப்பினார்.

அது போகவில்லை. மறுபடி அனுப்பினார். டவர் ஒரு கோடு காட்டியது, பிறகு அதையும் எடுத்துக்கொண்டது. அய்யப்பன் தன் ஓஸைக் கொண்டுவர வீட்டுக்கு ஓடினான். தொட்டி வழிந்தது. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, முதல் வரிசைக் கதிரின் அடியைத் தொட்டு, இரண்டாவதைத் தொட்டு, அப்படியே உள்ளே போனது. தீனதயாளன் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவருக்கு. சின்னதுரை அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றே முடிவு செய்திருப்பான்.

பாதி வயல் நனைந்த பிறகு போன் சிணுங்கியது. நம்பர் ஒன்று. மலர்விழியுடையது இல்லை. அதைச் சத்தமாகப் படித்துக் கமலாவை அவள் போனில் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, பெட்டிக்கு அடித்து மோட்டாரை நிறுத்தினார். பிறகு கமலாவின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தார், எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"யாருப்பா?" என்றது ஒரு கரகரத்த குரல்.

"நீங்க யாருங்க? இப்ப எங்க மோட்டாருக்கு அடிச்சீங்களா?"

"மோட்டாரா? நான் குடகுல காப்பித் தோட்டத்து மேஸ்திரி. நான் அடிக்கல. இங்க ஒரு பையன் ஞாயித்துக்கெழம ஆனா என் போன வாங்கி யாருக்கோ அடிப்பான். எனக்கு மோட்டார் ஓடுது மோட்டார் ஓடுதுன்னு மெசேஜு வருது, வெளம்பரம்னு நெனச்சி அழிச்சிக்கினு இருக்கறன். ஏம்ப்பா வேடியப்பா, இங்க வா, ஒன் மோட்டார்க்காரன் பேசறான்."

டீ கிளாஸ் மலர்விழி கையிலிருந்து நழுவி வரப்பில் உருண்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சார்" என்றது இளைய குரல், அவசரமாக. "சார், அது என் நம்பரு சார். பஸ்ல போன தொலச்சிட்டன். எடுத்தவங்க ஒரு நாளு எடுப்பாங்கன்னு அடிச்சிக்கினே இருக்கறன், ஒரு ரிங்குல கட் பண்ணிடறீங்க. போன நீங்களே வெச்சிக்குங்க சார். அதுல எங்க வூட்டு நம்பரு மட்டும் இருக்குது, அத சொல்லுங்க சார், எனக்கு மனப்பாடம் இல்ல. என் நம்பரு ஒண்ணுதான் தெரியும்."

தீனதயாளன் போனை மலர்விழியிடம் நீட்டினார். அவள் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சார், சார்" என்று அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"நான்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் 'சார்' போய் அவள் பெயர் வந்தது.

புருஷன் பெண்டாட்டி பேச்சைக் கேட்கக் கூடாது என்று தீனதயாளன் வயலில் இறங்கினார். கணுக்கால் வரை சேறு. சின்னதுரை வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "மன்னிச்சிக்கண்ணா, நான் எலவனாசூர்கோட்டைக்குப் போறன், இத எறக்க முடியாது" என்றான். போ என்பது போல அவர் கையைக் காட்டினார். அய்யப்பன் ஓஸைத் தோளில் சுமந்தபடி மூச்சிரைக்க வந்து நின்றான், தண்ணீரைப் பார்த்துவிட்டு ஓஸைக் கீழே போட்டான். இந்த நெல்லை இனி எப்படிக் கரை சேர்ப்பது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. தப்பு செய்துவிட்டோமா என்று தன்னைத்தானே கேட்டுப் பார்த்தார் தீனதயாளன். நெஞ்சு மட்டும் என்னவோ அடைப்பு நீங்கியது போல இருந்தது.

வரப்பில் மலர்விழியின் குரல் உயர்ந்தது. அழுதுகொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். "மொதல்ல என் நம்பர மனப்பாடம் பண்ணு. அப்பறம் மத்தது. ம், சொல்லு."

ஒவ்வொரு எண்ணாக அவள் சொன்னாள், போன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னது. தப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து. மூன்றாம் தடவை சரியாக வந்துகொண்டிருந்தது. கடைசி எண்ணில் அவன் தடுமாறி எட்டு என்றான்.

மலர்விழி வாயைத் திறப்பதற்குள், வயல் நடுவிலிருந்து தீனதயாளன் குரல் கொடுத்தார்.

"எட்டு இல்லப்பா. மூணு."